சபை தூக்கும்

பொன்னுராஜ் உபதேசியார் எண்பத்து மூன்றாம் வருஷம் மம்சாபுரத்தில் வந்து இறங்கியபோது அவரிடம் ஒரு தகரப் பெட்டியும், மாசமாக இருந்த மனைவி கிருபாபாயும், ஊரையே ஒரு வருஷத்தில் திருப்பிவிடலாம் என்ற எண்ணமும் இருந்தன. நாசரேத் பக்கத்துக்காரர். முப்பது வயது ஆகவில்லை. நல்ல குரல், கணீரென்று பேசுவார். அவரை அனுப்பிய மிஷன் சங்கத்தார், "ராஜபாளையம் மில்லுக்கு வேலைக்குப் போகிற ஜனங்கள் நிறைய இருக்கிற ஊர், புதுச் சபை ஒன்று எழும்பும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எழும்பவில்லை. கீழத்தெருவில் அவர் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தால் நாய்கூடக் குரைக்காது.

ஜனங்கள் பொல்லாதவர்கள் இல்லை. உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், அவர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார்கள். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் "ஷிப்டுக்கு நேரமாச்சு, வாரேன் சார்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஒரு ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தெருவில் சாவு என்றால் முதலில் ஆள் போவது சங்கையா வீட்டுக்குத்தான். கொட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிடுவதெல்லாம் அதற்கு அப்புறம். சங்கையா மில்லில் பஞ்சு பிரிக்கிற புளோ ரூமில் வேலை பார்த்தார். நெடுநெடுவென்ற ஆள், நாற்பது வயதிருக்கும், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். எவன் வீட்டில் இழவு விழுந்தாலும் அரிவாளை எடுத்துக்கொண்டு மூங்கில் வெட்டப் போய்விடுவார். பச்சைத் தென்னங்கீற்றைப் பின்னி அவர் பாடை கட்டினால் வாய்க்கால் இறங்கி ஏறும்போதுகூட அசையாது. இதற்காக யாரிடமும் ஒரு பீடிகூட வாங்கமாட்டார். எல்லாம் முடிந்ததும் குளித்துவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போய்விடுவார்.

பொன்னுராஜுக்கு அவரைத் தெரியவந்ததும் ஒரு சாவினால்தான். கிருபாபாய்க்கு மாசம் நிறையுமுன்பே வலி எடுத்தது. பொன்னுராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெபம் பண்ணுவதா, வண்டி பிடிப்பதா என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். சங்கையா கேள்விப்பட்டு எங்கிருந்தோ ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் பிள்ளை.

அந்தத் துணிப்பொட்டலத்தைக் கையில் வாங்க பெற்ற தகப்பனுக்குத் தெம்பில்லை. சங்கையாதான் வாங்கினார். தலைக்கு அணைவாகக் கையை வைத்து, உயிருள்ள பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் சபைக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் அவரே குழி வெட்டினார். பொன்னுராஜ் அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார். பாதியில் குரல் உடைந்து, திரும்பத் தொடங்கி, ஒருவழியாகப் பாடி முடித்தார்.

வருகிற வழியில் சங்கையா கேட்டார்:

"ஐயா, புள்ளையப் பறிகுடுத்துட்டுப் பாடுதீங்களே, அது என்ன பாட்டு?"

வந்த நாள் முதல் ஊரெல்லாம் பேசித் திரிந்து கிடைக்காத கேள்வி அப்படித்தான் கிடைத்தது. அன்றிலிருந்து சங்கையா ஷிப்டு முடிந்து வந்ததும் உபதேசியார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். சாமியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்றுதான் திருப்பித் திருப்பிக் கேட்டார். எத்தனையோ பேரை வழியனுப்பிய ஆளுக்கு அது தெரியவேண்டியிருந்தது. ஞானஸ்நானம் வாங்க முடிவு செய்த அன்றைக்கு இன்னொன்று கேட்டார்.

"நான் இங்கிட்டு வந்துட்டா, செத்தா யாருய்யா தூக்குவா? எங்க ஆளுக எதுவும் பேசுனாகன்னா?"

பொன்னுராஜ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சபை தூக்கும் சங்கையாண்ணே."

சங்கையா அந்த இரண்டு வார்த்தையை முந்தியில் முடிந்துகொள்வதுபோல மனசில் முடிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு சபை வளர்ந்தது. சங்கையாவும் அவர் மனைவி வேலுத்தாயும் வந்தார்கள். தங்கள் வீட்டு மாமியார் சாவில் சங்கையா ஓடி ஓடி உழைத்ததைப் பார்த்த ஒரு வீடு வந்தது. மகனைக் கிணற்றில் பறிகொடுத்த ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பிள்ளையை முங்கி எடுத்தது சங்கையா. சைக்கிள் கடை ரத்தினம் வந்தான், காவல்கார வேலை பார்த்த காசிராஜன் வந்தார். எண்பத்தைந்தில் கீற்றுக் கொட்டகைக்குள் உட்கார இடம் போதாமல் வெளியே பாய் விரித்தார்கள். காலை ஷிப்டுக்காரர்களுக்குச் சாயந்திரம் ஒரு ஆராதனை, மற்றவர்களுக்குக் காலையில் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார்கள். தெருவும் வாங்கிச் சாப்பிட்டது. சங்கையா சாமி மாறியதைப் பற்றி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடிப்பூரத் தேர் வடம் பிடிக்க வரவில்லையா, சரி, அவன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். இழவு வீட்டுக்கு அவர் வழக்கம்போல வந்துகொண்டிருந்தார், அது போதுமாக இருந்தது.

பொன்னுராஜோ எல்லாம் தன் பிரசங்கத்தினால் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கூட்டம் சேர்ந்தால் பேசுகிறவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

அந்த வருஷம் ராஜபாளையத்தில் சுற்றுவட்டாரத்து ஊழியர்கள் எல்லாரும் கூடிய கூட்டத்தில், புதுச் சபைகள் வளர்ந்து நிலைக்க என்ன செய்யவேண்டும் என்று பேச பொன்னுராஜைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு போனார். ஜெபம், உபவாசம், வீடு சந்திப்பு என்று மூன்று விரலை மடக்கிப் பேசினார். கைதட்டினார்கள். பேச்சில் சங்கையாவின் பெயர் வரவில்லை. வேண்டுமென்று விட்டதாகச் சொல்லமுடியாது. அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை.

அவருக்கு அடுத்து வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய பிரசங்கியார் எழுந்தார். புதுச் சபைகள் சில வருஷத்தில் பட்டுப்போவது எதனால் என்று கேட்டார். பழசை விட்டுப் பிரியாததனால் என்று அவரே பதிலும் சொன்னார். "கல்யாணத்திலும் கருமாதியிலும் ஒரு காலை அங்கே வைத்திருக்கிறவன் உங்கள் சபையை உள்ளேயிருந்து தின்றுவிடுவான்" என்று மேஜையைத் தட்டினார். கேட்டுக்கொண்டிருந்த பொன்னுராஜ் தலைப்பிள்ளையைக் குழியில் வைத்தவர். இந்தச் சபையையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அன்றைக்கு உள்ளே நுழைந்தது, பிறகு போகவே இல்லை.

ஊர் திரும்பிய வாரமே தெருவில் ஒரு சாவு. பங்காளிகள் குடத்தோடு குழாயடிக்குப் போய், பிணத்தைக் குளிப்பாட்டக் கொட்டுமேளத்தோடு நீர்மாலை எடுத்து வந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் முன்னால் தலையில் குடத்துடன் சங்கையா. பார்த்த இடத்திலேயே பொன்னுராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் எழுப்பி நிறுத்திச் சொன்னார். இனிமேல் விசுவாசிகள் யாரும் வெளியார் இழவு வீட்டுக்குப் போகக் கூடாது என்றார்.

சங்கையா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"இனிமே கொடம் எடுக்க மாட்டேன்யா. துன்னூறு பூச மாட்டேன். மூங்கி வெட்டிக் கட்டிக் குடுக்குதது மட்டும்..."

"அதுவும் வேண்டாம்ணே. கொட்டு அடிக்கிற இடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

சங்கையா சரி என்றார். வேலுத்தாய் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி அமர்த்திவிட்டார். தான் நம்பியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாத ஆள் அவர், அதுதான் வினையாகப் போயிற்று.

மறு வருஷம் தனுஷ்கோடி செத்துப்போனார். தனுஷ்கோடி சங்கையாவின் பெரியப்பா. தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, சங்கையாவையும் அவர் தம்பி குருசாமியையும் தோளில் தூக்கி வளர்த்த மனுஷன். தெருவே சங்கையாவைத்தான் எதிர்பார்த்தது. சங்கையா வந்தார். தெருமுனைக் குழாயடி வரைக்கும் வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

குருசாமி வந்து கூப்பிட்டான்.

"என்னண்ணே இங்கன நிக்க? வா."

"வரக்கூடாதுடா."

"யாரு சொன்னா?"

சங்கையா கொட்டகைப் பக்கம் பார்த்தார். குருசாமி மறுபடியும் வந்தான். பிறகு பெரியம்மா தலைவிரிகோலமாக வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "ஏலே, ஒன்னைய வளத்தவருலே, ஒரு தரம் மொகத்தப் பாத்துட்டுப் போலே" என்று மண்ணில் உட்கார்ந்து அழுதாள். சங்கையா அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் குருசாமி முதல்முறையாகப் பாடை கட்டினான். சரியாகக் கட்டத் தெரியவில்லை. முனை திரும்பும்போது ஒரு பக்கம் முடிச்சு நழுவி, கிழவனார் சரிந்தார். நாலு பேர் பாய்ந்து பிடித்ததனால் கீழே விழவில்லை. குழாயடியிலிருந்து ஆறடி தூரத்தில் நடந்தது. சங்கையாவின் கை தானாக முன்னால் நீண்டு, பிறகு இறங்கிக்கொண்டது.

அன்றைக்குச் சாயந்திரம் பொன்னுராஜ் ஆராதனையில் சங்கையாவை எழுப்பி நிறுத்தி, "இவர் ஒரு சாட்சி" என்று புகழ்ந்தார். சங்கையா அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

தெரு சண்டைக்கு வரவில்லை. கொட்டகைக்குத் தீ வைக்கவில்லை, கல்லெறியவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் பொன்னுராஜுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். தெரு நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். நல்லது கெட்டதற்குச் சொல்லிவிடவில்லை. கிறிஸ்துமஸ் பால்கோவாவை "சுகர் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். புதிதாக ஒரு ஆள் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருத்தருக்கு மகள் கல்யாணம், சொந்தக்காரர் படியேறமாட்டேன் என்றார்கள். இன்னொருத்தருக்கு அம்மா செத்துப்போனாள். அம்மா சாவுக்குப் போகாமல் இருக்க எல்லோரும் சங்கையா இல்லையே. போனவர்கள் திரும்பி வரவில்லை, வர வெட்கப்பட்டார்கள்.

பொன்னுராஜ் சும்மா இருக்கவில்லை. மைக் செட் வாங்கினார். திரை கட்டிப் படம் காட்டினார். படம் பார்க்கப் பிள்ளைகள் வந்தன, முடிந்ததும் ஓடிவிட்டன. கீற்றைப் பிரித்துவிட்டுச் சங்கத்தார் உதவியில் சிமென்ட் ஷீட் போட்டார். உபவாசம் இருந்து இருந்து வயிற்றுப் புண் வந்தது. உள்ளே ஆள் இல்லாமல் ஷீட் அனலாய்க் கொதித்தது.

ஒருநாள் கிருபாபாய் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"ராஜபாளையத்துல மூணு காரியம் சொல்லிட்டு வந்தீங்களே. நாலாவதைக் குழாயடியில நிப்பாட்டிட்டீங்க."

பொன்னுராஜ் கோபத்தில் கஞ்சியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவள் சொன்னது சரி என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு சபை நடுவில் நின்று, நான் சொன்னது தப்பு, போங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சங்கையா அன்றைக்கு நின்றது வீண் என்று ஆகிவிடாதா? இப்படியே யோசித்து யோசித்து நாளைக் கடத்தினார்.

சங்கையா மட்டும் ஒரு ஞாயிறு தவறவில்லை. புளோ ரூம் பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து, தொண்ணூற்று ஒன்றில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வேலையை விட்டு நின்றார். கொட்டகைக்கு நடந்து வர முடியாமல் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவார். தெரு பார்த்துக்கொண்டிருக்கும், யாரும் கை கொடுக்கமாட்டார்கள். அடுத்த வருஷம் பங்குனியில் படுக்கையில் விழுந்தார். பொன்னுராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்து முடித்ததும் அவர் கையைப் பிடித்தார்.

"ஐயா, சபை தூக்கும்லா?"

"தூக்கும்ணே."

பொன்னுராஜ் சொல்லிவிட்டு மனசுக்குள் ஆட்களை ஓட்டிப் பார்த்தார். தன்னைச் சேர்த்து மூன்று ஆண்கள்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் சங்கையா போய்விட்டார்.

வெயில் காலம், வைத்திருக்க முடியாது. பொன்னுராஜ் சைக்கிளை மிதித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அங்கே பெரிய சபையில் கல்லறைக்கு இடம் கேட்டு, பெட்டி வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலுக்குத் திரும்பினார். பெட்டி நல்ல கனமான வேப்பம்பலகை. கீழத்தெருவுக்குள் வேன் நுழையாது. வேன் மெயின் ரோட்டில் நிற்க, பொன்னுராஜும் ரத்தினமும் டிரைவரும் அவன் கூட வந்தவனும் பெட்டியைக் கொண்டுவந்து சங்கையா வீட்டு வாசலில் இறக்கினார்கள். இறக்கியதுமே டிரைவர், "பொணமெல்லாம் நாங்க தூக்க மாட்டோம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய் வேன் நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்குள் வேலுத்தாயும் கிருபாபாயும் இன்னும் ஐந்தாறு பெண்களும் இருந்தார்கள். மில்லில் கூட வேலை பார்த்த இரண்டு பேர் வந்து மாலை போட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிட்டார்கள். தெரு ஜனம் அவரவர் வாசலில் நின்றது. யாரும் வேலைக்குப் போகவில்லை, யாரும் உள்ளேயும் வரவில்லை. காசிராஜனுக்கு எழுபது வயது, இடுப்பு ஒடிந்தவர். ஆளோடு பெட்டியைத் தூக்க ஆறு பேராவது வேண்டும். கிருபாபாய், "நாங்க பொம்பளைங்க ஒரு கை பிடிக்கோம்" என்றாள். வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்து, "இம்புட்டுத் தெரு பாக்க, அவியளப் பொம்பளைக தூக்கிட்டுப் போகணுமாம்மா?" என்றாள்.

பொன்னுராஜ் தெருவில் இறங்கினார். ஒரு வீடு விடாமல் போய்க் கைகூப்பி, ஒரு தோள் கொடுங்கள் என்று கேட்டார். திட்டுவார்கள் என்று நினைத்தார். யாரும் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் குருசாமி வீட்டு முன்னால் போய் நின்றார். குருசாமி நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"தம்பி, உங்க அண்ணன்..."

"எங்க அண்ணன்னு இப்பத்தான் தெரியுதோ?" என்றான் குருசாமி. "அவன் சாமி மாறுனான், நாங்க ஏதாச்சும் கேட்டமா? ஒரு வார்த்த கேட்டமா? எங்க பெரியப்பா மொகத்தப் பாக்க விடாம குழாயடியில நிப்பாட்டிட்டீங்களே, அது எந்தச் சாமி சொல்லுச்சு? அவரு சரிஞ்சு விழப்போனப்ப எட்டிப் புடிக்க முடியாம நின்னாம்யா எங்கண்ணன். அன்னிக்கே அவன் பாதி செத்துட்டான்."

பொன்னுராஜ் தலை குனிந்தார்.

"தப்புத்தான் தம்பி."

ஆறு வருஷமாகச் சபையில் சொல்ல முடியாததை நடுத்தெருவில் சொன்னார். சொன்னதும் கொஞ்சம் லேசாக இருந்தது. அதற்குப் பலன் இருக்கும் என்றுகூட ஒரு ஆசை வந்தது.

குருசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு உள்ளே போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தான்.

"எங்கண்ணன நாங்க தூக்குதோம். ஆனா அந்தப் பெட்டியில இல்ல. எங்க மொறப்படி, எங்க மயானத்துக்கு. மதினிட்ட கேட்டுக்கிடுதேன்."

வேலுத்தாய் யாரையும் கேட்கவில்லை. குருசாமி வந்து வாசலில் நின்றதுமே, "கூட்டிட்டுப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்ததுபோலத் தெரு முழுவதும் வீட்டுக்குள் நுழைந்தது. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த ஒப்பாரி வெடித்துக் கிளம்பியது. கொட்டுக்கு ஆள் போனது, குடங்கள் குழாயடிக்குப் போயின. குருசாமி மூங்கிலைப் பிளந்து பாடை கட்டினான். முடிச்சு ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். முன்னொரு காலத்தில் அண்ணன் கட்டுவதைப் பார்த்துப் படிந்தது அவன் விரலில் இருந்தது.

ரத்தினமும் காசிராஜனும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பொன்னுராஜ் சட்டையைக் கழற்றித் திண்ணையில் போட்டுவிட்டு முன்னால் வந்தார். கொட்டு அடித்தால் அடிக்கட்டும். பாடையின் ஒரு முனையில் தோளைக் கொடுத்துவிடவேண்டும். ஒரு தோளாவது சபையின் தோளாக இருந்தால், கொடுத்த வார்த்தையில் கால்வாசியாவது நின்றுவிடும் அல்லவா? தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த முதுகு அவருக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றது.

குனிந்தவரை வேலுத்தாய் கையை நீட்டித் தடுத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"வேண்டாம்யா. கொட்டு அடிக்கிற எடத்துல உங்களுக்கு என்ன வேல?"

"வேலுத்தாயி, நான் அவருக்கு வாக்குக் குடுத்தேம்மா..."

"நீங்க இன்னிக்குத் தோள் குடுத்துட்டா, அன்னிக்கு அவிய பெரியப்பாவுக்குக் குடுக்காம நின்னது எதுக்குய்யா? அது தப்புன்னு ஆகிரும்லா. அது தப்புன்னு தெரியாமலேயே போயிட்டாக. அப்படியே போகட்டும். நீங்க அங்கன போயி நில்லுங்க."

அவள் கை தெருமுனைக் குழாயடியைக் காட்டியது.

"ஒரு ஜெபமாவது பண்ணிக்கிடுதேம்மா."

"அங்கன இருந்தே பண்ணுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்."

பொன்னுராஜ் போய் நின்றார். நீர்மாலை எடுத்த ஈரம் காலடியில் சேறாகக் கிடந்தது. பாடை வந்தது. தூக்கத் தோள்களுக்குப் பஞ்சமில்லை. முறை வைத்து மாறி மாறித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முனையில் திரும்பும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அசையவே இல்லை. சங்கையா தூங்குகிறவர்போல அவர் முகத்துக்கு நேராகக் கடந்துபோனார். சபையை விட்டுக் கழன்றுபோன வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் அந்தக் கூட்டத்தில் போனார்கள். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினார், ஒரு வார்த்தை வரவில்லை.

கொட்டுச் சத்தம் வாய்க்கால் தாண்டித் தேய்ந்த பிறகு தெரு காலியாகக் கிடந்தது. சங்கையா வீட்டு வாசலில் பெட்டி மட்டும் வெயிலில் இருந்தது. உள்ளே விரிக்க கிருபாபாய் வைத்திருந்த வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் அதற்குள் கிடந்தது. டிரைவர் தெருமுனை வரைக்கும் வந்து, "சார், நேரமாச்சு, பெட்டி வருதா இல்லையா?" என்று கத்தினான்.

பொன்னுராஜும் ரத்தினமும் முன்பக்கம் பிடித்தார்கள். காசிராஜன் ஒடிந்த இடுப்போடு பின்பக்கம் கை கொடுத்தார். கிருபாபாய் பின்னால் வந்தாள். வெறும் பெட்டிக்கு மூன்று பேர் போதுமாக இருந்தது. சபை தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து மெயின் ரோட்டுக்கு வந்தது.

"ஆளு எங்க சார்?" என்றான் டிரைவர்.

"அவங்க ஆளுக தூக்கிட்டாங்க" என்றார் பொன்னுராஜ். பெட்டியை வேனுக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்.